கவிழ்த்த தூளி

பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916-ஆம் ஆண்டு தொடங்கித் தனித்தமிழுக்காகவே உழைத்த மறைமலையடிகளின் திருநாமத்தைத் தாங்கி, சென்னையின் ஜன நெருக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் துணை நகரமாகத் திட்டமிடப்பட்ட மறைமலை நகரைப் பற்றி வடசொல் விரவிய நடையில் எழுதப் புகுவதே ஓர் அபசாரந்தான், அடிகள் பொறுத்தருள்வாராக. அந்நகரத்து ஃபோர்டு ஆலையில் 1999 முதல் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக, எங்கெங்கோ செய்யப்பட்ட உறுப்புகள் வந்து கூடிக் கார்களாக உருவெடுத்து வெளிச்சென்றன. ஆலையின் மதிலுக்கு வெளியிலோ, கொத்தனாரும் சித்தாளுமாகச் செங்கல்மேல் செங்கல் அடுக்கியே வீடுகள் எழுந்தன. காரைப் பூட்டுவதுபோல் வீட்டையும் பூட்டலாகாதா, அதிலும் சொற்பப் பொருளில் மிகுந்த பலம் தரும் கவிகை மாடமாகவே பூட்டலாகாதா என்பது நம் தேசத்தில் எவரும் கேளாத கேள்வியன்று; கேட்டுச் செய்தும் பார்த்துவிட்ட கேள்வி.

துண்டங்களைக் கீழே செதுக்கி மேலே ஏற்றிப் பொருத்துவது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சிகரம் ஒரே கல்லால் ஆனதென்று கேட்டு வளர்ந்தோம். அது பல கற்களை இசைய இழைத்துச் சேர்த்தது என்பது பின்னர் தெரியவந்தது. கதைதான் சிறுத்ததேயன்றிச் சிற்பியின் கீர்த்தி சிறுக்கவில்லை. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம், வட்டச் சுவராக எழுந்து கவிகையாய்க் குவிந்து, செங்கல்லாலேயே நிற்கிறது. செங்கல்லும் கல்லும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்கமாட்டா. கவிந்த கூரையோ தன் பாரத்தையெல்லாம் அமுக்கமாகவே மாற்றிக் கீழிறக்கிவிடுகிறது.

இந்த ரகசியத்தை ஏழையின் கூரைக்குக் கொண்டுவர முயன்றவர்களுள் தலையாயவர் ஜி. எஸ். இராமசுவாமி. சுதந்திரம் வந்த புதிதில், சிமெண்டும் இரும்பும் அருமைப் பண்டங்களாயிருந்த காலத்தை அடுத்து, ரூர்க்கியில் அவர் ஆராய்ந்த முறை அதிசயிக்கத்தக்க எளிமையுடையது. சதுரமான ஒரு சட்டத்தில் கோணித்துணியைக் கட்டி, அதன்மேல் மெல்லிய கனத்தில் காங்கிரீட்டைப் பரப்பினால், ஈரப் பாரத்தால் துணி நடுவில் தொய்கிறது; தொய்ந்தபடியே இறுகவிட்டு, பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டினால் ஒரு சிறு கவிகை ஓடு கையில் கிடைக்கிறது. இதை விளங்கிக்கொள்ளக் கணித சாஸ்திரம் வேண்டியதில்லை. புடவையில் தூளி கட்டிக் குழந்தையை உறங்கவைத்த எந்தத் தாயும் அறிவாள். தொங்கும் தூளி முழுதும் இழுப்பு. அதைக் கவிழ்த்தால் முழுதும் அமுக்கம். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் அதுவே வளைவின் செவ்விய வடிவம் என்று இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் 1675-இல் ஓர் எழுத்துப் புதிருக்குள் மறைத்து வைத்த உண்மையும் இதுவே. முழுதும் அமுக்கமாதலால் ஓட்டுக்குள் கம்பி அநேகமாகத் தேவையில்லை. விளிம்பைச் சுற்றிய சட்டத்துக்கு மட்டும் போதும். தரையிலேயே வார்த்த இத்தகைய ஓடுகளை உத்தரங்களின்மேல் வரிசையாக அமர்த்தி, இடைவெளியை நிரப்பி, மேற்புறத்தைச் சமன்செய்தால் தளம் ஆயிற்று. 1965-இல் ரூர்க்கியில் தோன்றிப் பின்னர் சென்னைத் தரமணியில் நிலைபெற்ற கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக விளங்கிய இராமசுவாமி, 1968-இல் ஓட்டுக்கூரைகளைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூல் பிற தேசத்தாராலும் போற்றப்பட்டது.

கவிகையையும் பூட்டு வீட்டையும் செய்துபார்த்தவர்கள் வேறும் உண்டு. அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் முக்கோணங்களை முடைந்து கட்டிய கோளக் கூரைக்கு 1954-இல் காப்புரிமை பெற்றார்; அதைப் பின்பற்றி அகமதாபாத்தில் 1962-இல் சாராபாய் குடும்பத்தார் காலிகோ ஆலைக்கு எழுப்பிய மாடம் பிற்காலத்தில் சரிந்தது. தில்லியிலோ, பிரிவினையால் வந்த அகதிகளுக்கு வீடு வார்க்க அரசாங்கமே நிறுவிய தொழிற்சாலை, பலகைகள் விரிசல் கண்டு தொடக்கத்திலேயே பெயர் கெட்டது.

இவற்றைக் கொண்டு கவிகை வீடு பலமற்றதென்று முடிவு செய்வது அநியாயம். என் அபிப்பிராயத்தில், அது தோற்றது புயலிடத்திலன்று, கிரகஸ்தரிடத்தில். பலகைகளால் ஆன மாடத்தில் இணைப்புகள் ஏராளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையோ ஒவ்வோர் இணைப்பையும் பரீட்சித்துப் பார்த்துவிட்டே போகும். வளைந்த சுவரோடு பீரோ ஒட்டி நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வடாம் பிழியவும், கோடை இரவில் பாய் விரிக்கவும், மகனுக்குக் கல்யாணம் ஆனால் மாடி எடுக்கவும் மொட்டை மாடி வேண்டும். கவிந்த ஓட்டை மேலே சமன்செய்து மறைத்துவிட்ட இராமசுவாமியின் யுக்தி, கட்டட சாஸ்திரத்தோடு நம் குடும்ப சாஸ்திரத்தையும் அறிந்ததாகவே எனக்குப் படுகிறது.

தாம்பரத்துக்குக் கிழக்கே பெரும்பாக்கத்தில், முன்கூட்டியே வார்த்த காங்கிரீட் உறுப்புகளைப் பூட்டிக் கட்டிய 1152 வீடுகள் 2022 மே 26 அன்று திறந்துவைக்கப்பட்டன. அவை யாவும் அடுக்குமாடி வீடுகள். ஒன்றுக்கும் கவிந்த கூரை இல்லை.