மிடறும் யகரமும்: பிறப்பியலில் குரல்வளை

தொல்காப்பியப் பிறப்பியல், வேத ஒலிப்பை விளக்கும் வடமொழிப் பிராதிசாக்கியங்களையும் சிட்சை நூல்களையும் தழுவியது என்பது பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியாரின் கருத்து. 1934இல் வெளிவந்த அவருடைய ஆங்கில ஆய்வுநூலுக்குப் பின் அதுவே பலருக்கும் முடிந்த முடிபாயிற்று. உந்தியிலிருந்து எழும் காற்று, அது தங்கும் தலை, மிடறு, நெஞ்சு என எடுத்துக்காட்டப்படும் ஒப்புமைகளை நானும் ஏற்கிறேன். ஆனால் எடுக்காமல் விட்டதைச் சாஸ்திரியார் எடைபோடவில்லை.

கண்டம் மூடியிருந்தால் நாதம், திறந்திருந்தால் வெறும் மூச்சு என்று தைத்திரீயப் பிராதிசாக்கியம் பிரிக்கிறது. குரல்வளையைப் பற்றிய பழங்கால அறிவில் இதைவிட நுட்பமானது வேறில்லை. கிரைகாய்டு வளையத்தின் பின்புற மேல்விளிம்பில் அமர்ந்த இரண்டு சிறு அரிட்டினாய்டு குருத்தெலும்புகள் நெருங்கினால் குரல்நாண்கள் கூடி அதிர்கின்றன. விலகினால் மூச்சு மட்டும் போகிறது. இவை இரண்டு என்பதை ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் உடற்கூற்று அறிஞர் பெரங்காரியோதான் தெளிவுபடுத்தினார். உயிருள்ள மனிதனின் குரல்நாண்களை 1854இல் பாடல் ஆசிரியர் கார்சியா கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரவல் வாங்க வந்தவர் இத்தகைய பிரிவையா விட்டுச் செல்வார்? தமிழில் ககரத்தின் இருவகை ஒலிப்பும் பொருளை மாற்றுவதில்லை. தேவையில்லாததை ஆசிரியர் கொள்ளவில்லை என்பதே என் வாதம்.

இதற்கு வலுவான சான்றாக யகர நூற்பாவைக் கருதுகிறேன். பதினெட்டு மெய்களில் இந்த ஒன்றுக்கு மட்டுமே தொல்காப்பியர் மிடற்றிலிருந்து எழும் வளியிசையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். அந்த நூற்பாவில் நா என்ற சொல்லே இல்லை. பிராதிசாக்கியமோ யகரத்துக்கு நாவின் நடுப்பகுதியைச் சொல்கிறது. நா எங்கும் முட்டாமல், ஏறக்குறைய உயிரைப் போலவே ஒலிக்கும் எழுத்து இது. முன்னரே உயிர்களுக்குச் சொன்ன மிடறு இங்கே மீண்டும் வருவது தற்செயலாகத் தோன்றவில்லை. ஏட்டைப் பார்த்து எழுதியவர் அல்லர், காதால் கேட்டு எழுதியவர். ஒரே நூற்பாவின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ரகரமும் லகரமும் மிடற்று ஒலிகளே, அவற்றுக்கு ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை.

நன்னூல் மிடற்றை உயிருக்கும் இடையினம் முழுவதற்கும் பொதுவாக்கி, வல்லினத்தை நெஞ்சுக்குக் கொடுத்தது. குரல்நாண் அதிராத ஒலிகளை நன்னூலாசிரியர் பவணந்தி தனியே பிரித்தார் என்று கொள்ள ஆசை வருகிறது. தொண்டைமணியில் விரல் வைத்துத் ‘தெப்பக்குளம்’ என்று சொல்லிப் பாருங்கள்: பகர, ககர இரட்டிப்புகளில் அதிர்வு அறுகிறது. ‘வண்டியூர்’ என்றால் தொடக்கம் முதல் இறுதிவரை அறுவதே இல்லை. டகரம் வல்லினமாயிருந்தும் ணகரத்தை அடுத்து அதிர்கிறது. ஆகவே நன்னூற் பகுப்பு பாதி அளவுக்கே பொருந்துகிறது.

குரல்வளைக் குருத்தெலும்புகளைத் தனித்தனியே விவரிக்கும் விரிவான உடற்கூற்று நூல் தமிழுக்கு வர 19ஆம் நூற்றாண்டு ஆயிற்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், கிரேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழாக்கி 1872இல் வெளியிட்டார். இலக்கண மரபின் மிடறும் அந்நூலின் குரல்வளையும் சந்தித்ததாகத் தெரியவில்லை.

பிறப்பியலின் கடைசி நூற்பா, அகத்தெழும் வளியிசையின் அளவை அந்தணர் மறைக்கு உரியதென்று ஒதுக்கிவிட்டுப் புறத்தே கேட்கும் ஒலியை மட்டும் தன் பொருளாக்குகிறது. வடமொழி மரபை ஆசிரியர் அறிந்திருந்தார் என்பதற்கும், அறிந்தே விலக்கினார் என்பதற்கும் இதுவே சான்று. எந்த வேதச் சாகையின் (கிளையின்) நூல் அவர் முன் இருந்தது என்பதை இதைக்கொண்டு சொல்ல முடியாது. தொல்காப்பியத்தின் காலமே பல நூற்றாண்டு இடைவெளியில் வழக்கிலிருக்க, தைத்திரீய நூலை அதற்கு முன்னதாக உறுதியுடன் வைக்கவும் இயலாது.