ஆரணிச் சங்கமும் பங்குச் சந்தையும்: ‘ஒரே ஊர்’ விதி குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆரணியின் வணிகத்தைப் பற்றி எழுதுகிற எவரும் பார்பரா ஹாரிஸ்-வைட்டைத் தாண்டிப் போக முடியாது. 1970களின் தொடக்கத்திலிருந்து நெல் வணிகம், அரிசி ஆலை, பட்டு நெசவு என்று இவ்வூரைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தவர் அவர். 2003இல் வெளிவந்த ‘இந்தியா ஒர்க்கிங்’ நூலின் வாதம் ஆய்வாளர்களுக்குப் பழக்கமானது. கிராமங்களிலும் இரண்டு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்த ஊர்களிலும் அப்போது 88 விழுக்காட்டு இந்தியர்கள் வாழ்ந்தார்கள். அவர்களது பொருளாதாரத்தை முதன்மையாக ஒழுங்குபடுத்துவது அரசின் சட்டமன்று. சாதி, மதம், பாலினம், இடம் போன்றவையே என்கிறார். அதற்கு முன்பே, 2000இல், எலிசபெத்தா பாசிலேயுடன் சேர்ந்து ஆரணியின் சங்கங்களை ஆராய்ந்து, சாதி அமைப்பும் தொழில் அமைப்பும் பின்னிக் கிடக்கும் இந்நிலைக்குச் ‘சங்கவழி முதலாளியம்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு பெயரைச் சூட்டினார்.

ஆரணியைப் பற்றிய அவரது விவரிப்பில் எனக்குக் குறை எதுவுமில்லை. பட்டு முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்கிறார். சேலை தறியிலிருந்து இறங்கியதும் கூலி கணக்காகிறது. முன்பணம் தலைமுறை தாண்டியும் நிற்கக்கூடும். இதற்கெல்லாம் பிணை எழுத்தில் இல்லை, அறிமுகத்தில் இருக்கிறது. என் மறுப்பு அவர் போடும் எல்லைக்கோட்டைப் பற்றியது. சங்கம், அறிமுகம், ஊர்க்கட்டு ஆகியவற்றை 88 விழுக்காட்டின் பக்கம் வைத்துவிட்டால், மறுபக்கத்தில் சட்டத்தாலும் நிறுவனத்தாலும் ஆன ஒரு நவீனப் பெருநகரச் சந்தை தொன்றுதொட்டு இருந்ததுபோல ஆகிவிடுகிறது. அப்பக்கத்தின் தலைமை அடையாளமான பங்குச் சந்தையோ, அண்மைக்காலம் வரை ஆரணியின் பக்கத்தில்தான் இருந்தது.

பம்பாயின் சந்தை 1875இல் தரகர்களின் சங்கமாகப் பிறந்தது. அதன் பழைய பெயரிலேயே ‘சுதேசித் தரகர் சங்கம்’ என்ற பொருள் உண்டு. சென்னையின் கதை இன்னும் பொருத்தமானது. 1920இல் ஏறத்தாழ நூறு உறுப்பினர்களோடு தொடங்கி, போருக்குப் பிந்தைய ஊக வணிகம் வடிந்ததும் 1923க்குள் மூவராகச் சுருங்கி மறைந்தது. நெசவாலைகளும் தோட்டக் கம்பெனிகளும் பெருகிய பின் 1937இல் மறுபடி ‘சங்கம்’ என்ற பெயரோடு எழுந்தது. 1957இல்தான் அச்சொல் பெயரிலிருந்து போயிற்று. இதன் பிறப்பாண்டு 1920ஆ 1937ஆ என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. உறுப்பினர் கலைந்தால் சந்தையே இல்லாமற்போகும் என்பதே அமைப்பின் தன்மையைச் சொல்லிவிடுகிறது.

சட்டமும் இதையே ஏற்றது. கோர்வாலா குழுவின் 1951ஆம் ஆண்டுப் பரிந்துரைகளை அடியொற்றி வந்த 1956ஆம் ஆண்டுப் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்றதோ பெறாததோ, ஒரு ‘நபர்கள் குழு’வையே பங்குச் சந்தை என வரையறுத்தது. ஆனால் என் வாதத்தின் சுமையைத் தாங்குவது அதற்கு முந்தைய உட்பிரிவு, 2(ஐ). ஆய்வாளர்கள் அதிகம் நின்று பார்க்காத இடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒப்பந்த நாளிலோ மறுநாளிலோ பத்திரமும் பணமும் கைமாறினால் அது ‘உடன் ஒப்படைப்பு ஒப்பந்தம்’. பிரிவு 18இன்படி, சந்தை உறுப்பினர்கள் வழியாகவே வணிகம் நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதற்கு இல்லை. கூடவே ஒரு சலுகை: இரு தரப்பாரும் ஒரே ஊரில் வசிக்காவிட்டால், தபாலில் போகும் காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

இது வெறும் தபால் வசதிக்காக எழுதப்பட்டது என்று சொல்லிவிடலாம். சொல்பவரை மறுக்க என்னிடம் நேரடிச் சான்று இல்லை. ஆயினும் சட்டத்தின் கட்டமைப்பைப் பாருங்கள். பிரிவு 13 கட்டுப்பாட்டை ‘மாநிலம் அல்லது பகுதி’ என்று நிலப்பரப்பு பார்த்து விதிக்கிறது. 2(ஐ) விலக்கை ஊர் பார்த்து அளக்கிறது. ஊருக்குள் நடப்பதே இயல்பான வணிகம், ஊர் தாண்டுவது விதிவிலக்கு என்ற எண்ணம் இரண்டிலும் ஓடுகிறது. ஆரணியில் கோரா பட்டுக்குக் கடன் சொல்பவர் இதைவிட வேறு கோட்பாடு எதையும் கொண்டிருக்கவில்லை.

1996இல் வந்த வைப்பகச் சட்டத்தையொட்டி இவ்வுட்பிரிவு இரண்டாகப் பிரிந்தது. பழைய வாசகம் (அ) ஆயிற்று. புதிய (ஆ), ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு வைப்பகம் பத்திரங்களை மாற்றுவதைச் சொல்கிறது. அதில் ஊரும் இல்லை, தபாலும் இல்லை. இரு உலகங்களும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இடையில் வந்தது தேசியப் பங்குச் சந்தை. பெர்வானி குழு 1991இல் பரிந்துரைக்க, 1992 நவம்பரில் நிறுவப்பட்டு, 1994 நவம்பர் 3 அன்று பங்கு வணிகத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் உடைமை ஐடிபிஐ முதலிய நிதி நிறுவனங்களிடம் இருந்தது; தரகருக்கு வணிகம் செய்யும் உரிமை மட்டும். செயற்கைக்கோள் வழியே வந்த ஆணைகளைக் கணினி முதலில் விலையால், விலை ஒத்தால் நேரத்தால் வரிசைப்படுத்திப் பொருத்தியது. எதிரே இருப்பவர் யாரென்று இருவருக்கும் தெரியாது. 1996 முதல் தீர்வகம் நடுவில் புகுந்து, விற்பவருக்கெல்லாம் வாங்குபவராகவும் வாங்குபவருக்கெல்லாம் விற்பவராகவும் நின்றது. அறிமுகத்தின் இடத்தை முன்கூட்டியே வாங்கிவைக்கும் பிணைத்தொகை பிடித்தது. 2004 திருத்தம்தான் ‘நபர்கள் குழு’வைச் சட்டத்தில் பழங்கதையாக்கியது. தனி வணிகக் களமாகத் தாக்குப்பிடிக்க இயலாத சென்னைச் சந்தை 2015 மே மாதத்தில் அங்கீகாரத்தைக் கைவிட்டு வெளியேறியது.

ஹாரிஸ்-வைட்டின் கோடு, ஆக, இடத்தைப் பிரிக்கும் கோடன்று. காலத்தைப் பிரிக்கும் கோடு. பம்பாயும் ஆரணியும் ஒரே வகை அமைப்பில் இருந்தன. ஒன்றை அரசு வலிந்து மாற்றியது, மற்றதை மாற்றவில்லை. அந்த மற்றதிலும் அரசு இல்லாமல் இல்லை. ஆரணித் தறிக்கு வரும் கர்நாடகப் பட்டின் கூடு, 1959ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் அரசுச் சந்தையில் ஏலம் போகிறது. காஞ்சிபுரத்தில் அண்ணா பட்டுப் பரிமாற்றகமும் அரசினுடையதே.

முறிவு நடந்த ஆண்டைக் குறிப்பதில்தான் என் வாதம் தடுமாறுகிறது. தீர்வு முறையே ஊரை அழித்தது என்றால் 1996 என்று சொல்ல வேண்டும். ஆனால் தேசியச் சந்தை வணிக அளவில் பம்பாயை முந்தியது 1995 அக்டோபரில். அப்போது தீர்வகப் பிணை இல்லை, பங்குகள் இன்னும் காகிதம். தீர்வும் வாரக்கணக்குதான்: தேசியச் சந்தைக்குப் புதன் முதல் செவ்வாய், பம்பாய்க்குத் திங்கள் முதல் வெள்ளி. கெடு முடிவதற்குள் சரக்கை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் சாமர்த்தியம் தரகர்களுக்கு இருந்தது. பத்லா என்ற தவணை முறை 2001 ஜூலையில் நின்ற பிறகே அது ஓய்ந்தது. நாள்தோறும் தீர்வு அந்த ஆண்டின் முடிவுக்குள் எல்லாப் பங்குகளுக்கும் வந்தது. மறுநாள் தீர்வு 2023 ஜனவரி 27இல் முழுமையானது. விடுமுறை நாளைத் தள்ளிவிட்டால், 1956இல் சந்தையின் கட்டுப்பாட்டுக்கு வெளியே விடப்பட்ட ஒப்பந்தத்தின் கால அளவு இதுவேதான். 1994, 1996, 2001 ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தாலும் மற்ற இரண்டும் இடறுகின்றன. இப்போதைக்கு 2001 பக்கம் சாய்கிறேன். 1995 அக்டோபரை அது விளக்கவில்லை.