காரில் ஆழமான கீறலா? செலவுக்கு முன் ஆழத்தைப் பாருங்கள்

தெம்பனிஸ் வட்டாரத்தின் பலமாடி கார் நிறுத்துமிடங்களில் கீறல் விழப் பல வழிகள் உண்டு. தூணில் உரசலாம், பக்கத்து காரின் கதவு இடிக்கலாம், யாரோ சாவியால் கோடு போட்டுவிட்டும் போகலாம். சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்ட ஊர் இது. காரில் கோடு விழுந்தால் மனம் பதறுவது இயல்பு.

அந்தப் பதற்றத்தில் சிலர் உடனே காப்புறுதி நிறுவனத்தை நாடுகின்றனர். சிலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றனர். இரண்டுமே பின்னர் கூடுதல் செலவு வைக்கலாம்.

எவ்வளவு ஆழம்?

காரின் இரும்புத் தகட்டின்மீது துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், வண்ணம், பளபளப்பு தரும் கிளியர் கோட் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். அது சாதாரணத் தாள் ஒன்றைவிடச் சற்றே கூடுதல்.

கீறலைக் கழுவித் துடைத்து, அதன்மீது சிறிது தண்ணீர் விடுங்கள். கோடு மறைந்தால் கிளியர் கோட்டில் மட்டுமே கீறல் உள்ளது. பாலிஷ் போட்டால் போதும். விரல் நகம் கோட்டில் சிக்கினால் கீறல் ஆழமானது. உள்ளே வெள்ளை அல்லது சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. உலோகம் மின்னினால் தாமதிக்கக்கூடாது.

சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். மழையும் அடிக்கடி பெய்கிறது. திறந்து கிடக்கும் இரும்பில் பிடிக்கும் துரு, சுற்றியுள்ள சாயத்துக்கு அடியிலும் பரவும். பிறகு கதவு முழுவதையும் சுரண்டிச் சாயம் அடிக்க வேண்டிவரும். பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது என்பதால் அதில் விழுந்த கீறல் காத்திருக்கலாம்.

காப்புறுதியை நாடுவது லாபமா?

இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் தனியார் காருக்கு 10 விழுக்காடு கட்டணக் கழிவு சேரும். ஐந்து ஆண்டுகளில் அது உச்ச அளவான 50 விழுக்காட்டை எட்டும். ஒரே ஒரு முறை இழப்பீடு கோரினாலும், கழிவுப் பாதுகாப்பு வாங்கியிராவிட்டால், அது 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

கழிவுக்கு முந்திய கட்டணம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1,000 வெள்ளி கட்டுபவர் அடுத்த மூன்று ஆண்டுகளில் 1,600, 1,400, 1,200 வெள்ளி கட்ட நேரிடும். கூடுதல் செலவு மொத்தம் 1,200 வெள்ளி. அதற்குமேல், பழுதுபார்ப்புச் செலவில் ‘எக்சஸ்’ எனப்படும் முதல் பகுதியையும் நாமே ஏற்க வேண்டும். ஒரு கதவுக்குச் சாயம் அடிக்கச் சில நூறு வெள்ளி போதும் என்றால், கைக்காசைச் செலவழிப்பதே சிக்கனம்.

இன்னொரு வாகனம் மோதியிருந்தால் நிலைமை வேறு. இழப்பீடு கேட்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். தவறு எதிர்த்தரப்புடையது என்றால் அவரது காப்புறுதியிலிருந்து கோரலாம். வேண்டுமென்றே கீறியிருந்தால் படம் எடுத்துவைத்துக் காவல்துறையில் புகார் செய்யுங்கள். வாடகைக் கார் ஓட்டுநர்கள் எதிலும் கைவைக்குமுன் ஒப்பந்தத்தைப் படிப்பது நல்லது.

வீட்டிலேயே சரிசெய்ய

கீறல் விரல் நீளத்துக்குள் இருந்தால் டச்-அப் சாயமே போதும். காரின் வண்ணக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தகட்டிலோ பானெட்டுக்கு அடியிலோ அது இருக்கும். ‘வெள்ளை’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் நிறம் பொருந்தாது. டொயோட்டாவின் ஒரு வெள்ளைக்கு 040 என்று தனிக் குறியீடே உண்டு.

1. சவர்க்காரத்தால் கழுவி உலரவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் துடையுங்கள்.

2. துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் கோட்டுக்குள் மட்டும் தேய்த்து எடுங்கள்.

3. உலோகம் தெரியும் இடத்தில் பிரைமரை மெல்லியதாகத் தடவி, நன்கு காயவிடுங்கள்.

4. வண்ணத்தை நுண்ணிய தூரிகையால் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். ஒரே பூச்சாக அப்பினால் மேடு தட்டும்.

5. கடைசியாகக் கிளியர் கோட் இடுங்கள். சில நாள் கழித்து பாலிஷ் போடுங்கள்.

கொளுத்தும் வெயிலிலோ மழை வரும் நேரத்திலோ இதைச் செய்ய வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் ஸ்பிரே அடிப்பதையும் தவிருங்கள். சாயத்துளி பக்கத்து கார்மீது படியும்.

பட்டறைக்குப் போவதென்றால்

கீறல் நீளமாக இருந்தாலோ தகடு நசுங்கியிருந்தாலோ பட்டறைதான் வழி. தெம்பனிஸ் தொழிற்பேட்டையிலும் அருகிலுள்ள காக்கி புக்கிட், ஊபி வட்டாரங்களிலும் பட்டறைகள் உள்ளன. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். அடிப்பது ஒரு கதவு மட்டுமா, நிறம் பொருந்தப் பக்கத்துத் தகட்டிலும் அடிப்பார்களா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். மெட்டாலிக், முத்து நிறங்களில் வேறுபாடு எளிதில் தெரியும் என்பதால் அவற்றுக்குச் செலவு கூடும்.

கையில் இப்போது பணம் இல்லையென்றாலும், உலோகம் தெரியும் இடத்தில் இந்த வாரமே பிரைமரும் டச்-அப் சாயமும் இட்டுவிடுங்கள். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், துரு காத்திருக்காது.