ஒரு கணினியும் பல கிராமங்களும்: மகாவலி ஓரத்து வரலாறு



பாடசாலைக்குக் கணினி வேண்டும், ஸ்மார்ட் போர்ட் வேண்டும் என்று பேசும்போது, இது நேற்றுத் தொடங்கிய கதை என்றே பலரும் நினைக்கிறோம். மகாவலி ஓரத்தில் இதற்கு நாற்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

1981இல் மகாவலி சமூக வானொலித் திட்டம் தொடங்கியது. யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவின. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களுக்கே போய், மக்களின் குரலில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். 1980களில் நமக்கு அக்கரையில், கிராந்துருகோட்டேயிலேயே ஒரு சிறிய நிலையம் இயங்கியது.

மலைநாட்டில் கொத்மலை வானொலி 1989இல் வந்தது. 1990களின் இறுதியில் அதற்கு இணைய இணைப்புக் கிடைத்தது. அப்போது கிராமத்து வீடுகளில் கணினி ஏது? மக்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் கிடைத்ததை மக்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒலிபரப்பினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி செய்து கொடுக்கப்பட்டது. இருந்த இணைப்போ கொஞ்சம். பயன் பல கிராமங்களுக்குப் போனது. பின்னர் யுனெஸ்கோ வேறு நாடுகளில் அமைத்த சமூக நிலையங்களுக்கு இதுவும் ஒரு முன்மாதிரி.

அடுத்து வந்தது நெனசல. விகாரை, பள்ளிவாசல், கோயில், நூலகம் என்று நாடெங்கும் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. 2014இல் அத்திட்டத்துக்கு பில் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருது கிடைத்தது. ஆனாலும் எல்லா நிலையங்களும் நிலைக்கவில்லை. நடத்த ஆளும் மாதச் செலவுக்கு வழியும் இருந்த இடங்கள்தான் தாக்குப் பிடித்தன.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்புக்கும் 'குருகெதர' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் மாறியது. பதுளை மாவட்டம் போஹிட்டியாவவில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடி 3 கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியே மலையேறியதை 2021இல் உலகச் செய்திகளில் பார்த்தோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் வாப்பா வேலை முடிந்து வந்தால்தான் என்ற நிலையை நம் வீடுகளிலேயே கண்டோம்.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றுதான். பொருள் பாதி வேலையைத்தான் செய்யும். அதை விளங்கி, பிள்ளையின் மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கொத்மலையில் அந்த ஆள் இருந்தார். பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளில் அவர் இல்லை.

ஆகவே பழைய மாணவர்களிடமும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் நாம் கேட்பது இதுதான். இன்னொரு கணினி வாங்கித் தரும் முன், இருப்பதற்கு ஒரு வருட இணையக் கட்டணத்தைப் பொறுப்பெடுங்கள். பழுதானால் திருத்த ஒரு சிறு நிதி வையுங்கள். ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்குச் சிறு கொடுப்பனவு கொடுத்து, பின்னேரத்தில் அறையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

நான்கு கணினி போதும். அறை திறந்திருக்க வேண்டும்.