அணைப் பாதுகாப்பு மதிப்பீட்டில் உரிமையாளரின் பங்கு

அணை உரிமையாளர் என்பது, அணையைத் தன் பொறுப்பில் வைத்து இயக்கியும் பராமரித்தும் வரும் அரசுத் துறை, நிறுவனம் முதலியவற்றைக் குறிக்கும் சட்டச் சொல்லாகும். விக்கிரமசிங்கபுரத்திற்கு மேற்கே மலையில் அமைந்த பாபநாசம் (முழு நீர்மட்டம் 143 அடி), சேர்வலாறு (156 அடி) போன்று 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. அச்சட்டப்படி, சார்பற்ற வல்லுநர் குழுவைக் கொண்டு முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு செய்விப்பது உரிமையாளரின் கடமை. கட்டுமானத்தை நேரில் பார்வையிடும் குழு, கசிவுநீர் அளவு, வெள்ளப் பதிவு ஆகியவற்றையும் ஆராய்கிறது. கடும் வெள்ளமோ நிலநடுக்கமோ நேர்ந்தாலும், மூல வடிவமைப்பைப் பெரிதாக மாற்றினாலும் இம்மதிப்பீடு கட்டாயமாகிறது. குழு பரிந்துரைக்கும் சீரமைப்புக்குப் போதிய நிதி அளிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. பணிகள் உரிய காலத்தில் முடிவதை மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு வலியுறுத்தும். குழுவும் உரிமையாளரும் உடன்படாவிடில் விவகாரம் முதலில் அந்த மாநில அமைப்புக்கும், அங்கும் உடன்பாடு எட்டப்படாவிடில் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்திற்கும் செல்லும்.