உறைபனிக்குப் பின் வந்த மது

யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றிலே காண்கிறோம். அது அரசனுக்குரிய பானம். நான் சொல்ல வந்ததோ சாமானியனின் கைக்கெட்டும் ஐரோப்பிய மது ஒன்றைப் பற்றி. மஸ்கடே என்பது அதன் பெயர்.

பிரான்ஸின் மேற்கே, லுவார் ஆற்றங்கரையில் உள்ளது நாந்த் நகரம். 1709 ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அதன் சுற்றுப்புறத்துத் திராட்சைக் கொடிகள் பட்டுப்போயின. மீண்டும் நட்டபோது, குளிரைத் தாங்கும் மெலோன் என்ற பர்கண்டி இனமே பரவியது. பிராண்டி வடிப்பதற்கு மலிவான வெள்ளை வைனைத் தேடிய ஒல்லாந்த வணிகரும் அதை ஊக்குவித்தனர். ஆம், நம் கறுவாவுக்காகக் கடல் கடந்து வந்த அதே ஒல்லாந்தர்தாம்!

வடிசாலைக்கென வளர்ந்த கொடி பின்னர் உணவு மேசைக்கு உயர்ந்தது. மாரிகாலம் முழுவதும் மதுவத்தின் மண்டிமீதே வைனைக் கிடக்கவிடுவர். அதனால் சுவை செறிகிறது. இவ்வாறு செய்ததைப் போத்தலில் 'சூர் லீ' என்று குறித்திருப்பார்கள். வாங்குபவர் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு உற்ற துணை பச்சைச் சிப்பி. பொரித்த மீனுக்கு நாம் தேசிக்காய் பிழிவதில்லையா? அந்த வேலையை இம்மதுவின் புளிப்பே செய்துவிடுகிறது. சிப்பியோடு பருகும் மற்றொரு புகழ்பெற்ற மதுவான சாப்ளிக்கு விலை பெரும்பாலும் அதிகம். அந்த அதிகத்தில் ஒரு பங்கு பெயருக்கே என்பது என் துணிபு. ஆனால் மஸ்கடேயை இறைச்சிக் கறியோடு வைக்காதீர்கள், அதன் மென்மை அங்கே எடுபடாது.