பள்ளிச் சிறாரின் உடல் நிமிர்வு: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாற்றை ஆய்வோர் பாடத்திட்டம், பாடநூல், தேர்வு ஆகியவற்றையே பெரிதும் நோக்குவர். கற்கும் சிறுவன் எவ்வாறு அமர்ந்தான், எதனைச் சுமந்தான், எத்துணை நேரம் ஓடியாடினான் என வினவுவோர் சிலரே. செங்கற்பட்டு வட்டாரத்திலிருந்து தொடங்கி அவ்வினாக்களுக்கு விடை காண முயல்கின்றோம்.

கூன் என்னும் குறை

கூனைப் பழந்தமிழர் பிறவிக் குறையாக எண்ணினர். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28-ஆம் பாட்டு, மக்கட் பிறப்பின் எண்வகைக் குறைகளுள் கூனையும் ஒன்றாக வைத்துள்ளது. பழக்கத்தாலும் முதுகு வளையும், பள்ளியே அதற்கு ஏதுவாகலாம் என்னும் எண்ணம் பிற்காலத்தது. பள்ளியின் வடிவம் மாறியமையே அவ்வெண்ணம் வலுப்பெறக் காரணம் எனக் கருதுகின்றோம்.

திண்ணைப் பள்ளி

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப்புறப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். செங்கற்பட்டு மாவட்டத்தில் மட்டும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருந்தமை அதனால் வெளிப்பட்டது. அத்தகைய பள்ளிகளில் மாணவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதினர். பின்னர் ஓலைக்கு வந்தனர். ஓலையை இடக்கையில் ஏந்தி எழுத்தாணியால் கீறுவோர்க்கு மேசை வேண்டுவதில்லை. ஏடு கைக்கு வந்தது. உடல் ஏட்டின்மேற் கவிழவில்லை. சுமந்து செல்ல வேண்டியதும் சிறிதே. பாடத்தின் பெரும்பகுதி நெஞ்சில் இருந்தது.

இதுகொண்டு அக்காலத்தைப் பொற்காலம் எனல் பொருந்தாது. கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டமும், ஒரு காலைத் தூக்கிக் கழுத்தோடு பிணைக்கும் அண்ணாந்தாளும் அப்பள்ளிகளின் தண்டனைகளே. சிறுவனின் உடல் அங்கே பேணத்தக்க பொருளாக அன்றி, ஒறுக்கத்தக்க பொருளாகவே நின்றது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைக் காண்கின்றோம். அவர் தாமே மேற்கொண்ட நிலையைப் பள்ளிச் சிறுவன்மேல் பிறர் சுமத்தினர் என்பது நினையத்தக்கது.

உடற்கல்வியின் தோற்றம்

மேலைமுறைப் பள்ளிகள் பரவியபோது பலகை இருக்கையும் தாள் ஏடும் வந்தன. சிறுவர் பலமணி நேரம் குனிந்து எழுதலாயினர். உடற்பயிற்சியைத் தனித்துறையாகக் கற்பிக்கும் முயற்சிக்குச் சென்னையே வழிகாட்டிற்று. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை இங்கு நிறுவினார். அங்குப் பயின்றோர் பல பள்ளிகளுக்கும் ஆசிரியராயினர். எனினும், உடற்கல்வி பாடவேளைகளுள் ஒன்றாக இடம் பெற்றதேயன்றிப் பிற பாடங்களுக்கு நிகரான மதிப்பைப் பெற்றிலது. பொதுத்தேர்வு நெருங்குங்கால் முதலில் பறிபோவது அவ்வேளையே என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர்.

பையின் சுமை

சென்னையிற் பிறந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1986-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அங்குத் தம் கன்னிப் பேச்சைப் பள்ளிச் சிறாரின் சுமை பற்றியே அமைத்தார். புத்தகப் பையால் குழந்தைகள் முன்வளைந்து கைகளைத் தொங்கவிட்டு நடப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இக்குரலின் தொடர்ச்சியாக யஷ்பால் குழு அமைந்து 1993-இல் தன் அறிக்கையை அளித்தது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறை வந்து நூல்கள் பிரிக்கப்பட்டன. 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் பையின் எடையைக் குறைக்க வலியுறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் நடுவணரசு, முதலிரு வகுப்பினர்க்கு 1.5 கிலோ எனவும் பத்தாம் வகுப்பினர்க்கு 5 கிலோ எனவும் வரையறுத்தது. 2020-ஆம் ஆண்டுக் கொள்கை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கே பையின் எல்லை என்றது.

ஆயினும், பை ஒன்றே குற்றவாளி என்று துணிதல் கூடாது. பையின் எடைக்கும் சிறாரின் முதுகுவலிக்கும் உறுதியான தொடர்பு புலப்படவில்லை என்பதே 2018-இல் வெளிவந்த தொகுப்பாய்வின் முடிவு. மறுபுறம், 11 முதல் 17 அகவையுடையோருள் 81 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பின்றி உள்ளனர் என 146 நாடுகளின் தரவுகளைக் கொண்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு உரைத்தது. அன்றாடம் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கம் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவை. இவற்றை ஒருங்கு நோக்கின், எடைபோட எளிதான பையைப் பற்றிச் சட்டம் செய்தோம். எடைபோட இயலாத அசைவின்மையை விட்டுவிட்டோம் என்பது போதரும்.

முடிவுரை

கல்பாக்கத்து அணுவாற்றல் பணியாளர்க்கென அமைந்த குடியிருப்பாகிய அணுபுரத்தில் அறிவியலாளர்தம் மக்கள் வளர்கின்றனர். ஒருபுறம் கடல், மறுபுறம் திருக்கழுக்குன்றத்து மலைப்படிகள். கல்வியில் நாட்டம் மிக்க இத்தகைய ஊர்களிலேதான் நாற்காலியும் திரையும் சிறாரை நெடுநேரம் பிணிக்கும் வாய்ப்பு மிகுதி. திண்ணைப் பள்ளி உடலை ஒறுத்தது. இன்றைய பள்ளி உடலை மறக்கின்றது. இரண்டும் குறையே. நிமிர்ந்து உட்கார் என்று அதட்டுவதால் முதுகு நிமிராது. எழுந்து ஓட இடமும் பொழுதும் அளித்தாலே நிமிரும். உடற்கல்வி வேளையைப் பிற பாடங்களுக்கு ஈதலை நிறுத்துவதே அதற்கு முதற்படி. அது பொருட்செலவு வேண்டாதது. ஆசிரியராகிய நம் மனமாற்றம் ஒன்றே வேண்டுவது.